கேட்டாலும் வாய் திறக்காதே: ஆர்மீனிய மருமகள்களின் கைமொழி



நம் சென்னையில் ஆர்மீனியன் தெரு என்று ஒரு தெரு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாரிமுனையிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்தப் பக்கத்தில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர்கள் வியாபாரத்தோடு நிற்கவில்லை, அச்சுக்கூடமும் வைத்தார்கள். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியில் வெளிவந்த முதல் இதழ் ‘அஸ்தரார்’. அது எரெவானில் அச்சாகவில்லை, கான்ஸ்டான்டினோபிளில் அச்சாகவில்லை. 1794இல் நம் சென்னையில் அச்சானது. ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் அதை நடத்தினார்.

அந்த மக்களுக்கு எழுத்து என்றால் உயிர். கி.பி. 405இல் மெஸ்ரோப் மஷ்தோட்ஸ் என்ற துறவி அவர்கள் மொழிக்கென்று 36 எழுத்துகளை வகுத்துக் கொடுத்தார். அவரை அவர்கள் புனிதராக வணங்குகிறார்கள். அவர் பெயரில் அமைந்த மதெனதரன் என்னும் ஏட்டுச்சுவடி நிலையம் எரெவான் நகரில் குன்றின்மேல் கோயில்போல் நிற்கிறது. எழுத்தைக் கும்பிடும் மக்கள், ஏட்டைக் காப்பதற்காக உயிரைக் கொடுத்த மக்கள்.

அப்படிப்பட்ட மக்களின் வீட்டுக்குள்ளேயே இன்னொரு மொழி இருந்தது. 36 எழுத்துகளில் ஒன்றுகூட அதற்குப் பயன்படவில்லை. எந்தப் பாதிரியாரும் அதற்கு இலக்கணம் எழுதவில்லை. அடுப்படியிலும் தொழுவத்திலும் திண்ணையோரத்திலும் கையால் பேசப்பட்ட மொழி அது. பேசியவர்கள் காது நன்றாகக் கேட்கிற, வாய் நன்றாகப் பேசுகிற பெண்கள். காது கேளாதோர் தமக்கென்று வளர்த்துக்கொண்ட சைகை மொழிகள் வேறு, இது வேறு. இது வாய் இருந்தும் பேசக் கூடாது என்று விதிக்கப்பட்டவர்களின் மொழி. அதற்கு ஹார்ஸ்னெரென் என்று பெயர். மருமகள் மொழி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இன்று அந்த மொழியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 14 அல்லது 15. ஆர்மீனிய மலைநாட்டில் ஒரு கிராமம். நேற்றுவரை அவள் தலையில் முக்காடு கிடையாது. ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போவாள். தோழிகளோடு சிரித்துப் பேசுவாள். திருவிழாவில் கைகோத்து ஆடுவாள். யாரும் தடுக்கவில்லை. இன்று அவளுக்குக் கல்யாணம். இன்றோடு அவள் குரல் அடங்குகிறது.

யாரிடம் பேசக் கூடாது? மாமனாரிடம் பேசக் கூடாது. மாமியாரிடம் பேசக் கூடாது. கணவனின் அண்ணன்மார்களிடம் பேசக் கூடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசக் கூடாது. வேறு யாரும் இல்லாத நேரத்தில், தனிமையில், கணவன் ஒருவனிடம் மட்டும் பேசலாம். அவனிடமும் மற்றவர் முன்னால் பேச முடியாது. கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. அப்படியென்றால், ‘உப்பு தீர்ந்துவிட்டது’ என்று எப்படிச் சொல்வாள்? ‘கன்றுக்குட்டி அவிழ்ந்து ஓடிவிட்டது’ என்று எப்படிச் சொல்வாள்? ‘எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது’ என்று எப்படிச் சொல்வாள்?

கையால் சொன்னாள்.

1843ஆம் ஆண்டு. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவைச் சேர்ந்த ஆகஸ்ட் வான் ஹாக்ஸ்தௌசன் என்ற பிரபு, ரஷ்யப் பேரரசின் கிராமங்களையும் நில உடைமையையும் ஆராய்வதற்காகப் பயணம் செய்தவர், காகசஸ் மலைகளைத் தாண்டி ஆர்மீனியாவுக்கு வருகிறார். அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் யார் தெரியுமா? கச்சாதூர் அபோவியன். நவீன ஆர்மீனிய இலக்கியத்தின் தந்தை என்று அந்த நாடு கொண்டாடுகிற எழுத்தாளர். பேராசிரியர் பாரட் என்பவரோடு 1829இல் அரராத் மலை உச்சியை அடைந்தவர். 1848இல் ஒருநாள் வீட்டை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை. என்ன ஆனார் என்று இன்றுவரை தெரியாது. அந்த அபோவியன், எரெவானை ஒட்டிய கனக்கெர் என்ற தம் ஊருக்கு ஹாக்ஸ்தௌசனை அழைத்துப்போகிறார், வீட்டு நடைமுறைகளை விளக்குகிறார். 1854இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த ஹாக்ஸ்தௌசனின் பயண நூலில் இந்த மௌனத்தைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. அந்தக் குறிப்பில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மருமகளுக்கு முதல் குழந்தை பிறக்கும்வரை பேச்சு இல்லை. குழந்தை பிறந்தபின் அந்தக் குழந்தையோடு பேசலாம். கொஞ்ச காலம் கழித்து மாமியாரோடு பேசலாம். இன்னும் கொஞ்ச காலம் கழித்துத்தான் தன் தாயோடு பேசலாம். அதற்குப் பிறகு நாத்தனார்கள், ஓரகத்திகள், வீட்டுச் சிறுமிகள். அதுவும் ஆண்கள் காதில் விழாதபடி மெல்லிய குரலில். இப்படி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். அதற்குப் பிறகும் அந்நிய ஆணோடு பேச்சு கிடையாது.

தாய்மார்களே, அந்த வரிசையில் நடுவில் இருப்பவர் யார் என்று பார்த்தீர்களா? பெற்ற தாய்! பத்து மாதம் சுமந்து பெற்றவளோடு பேசுவதற்கும் அந்தப் பெண் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மாமியாருக்குப் பிறகுதான் தாய். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்று அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை.

எல்லா ஊரிலும் ஒரே கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். சில ஊர்களில் ஓராண்டில் விட்டுவிடுவார்கள். சில வீடுகளில் இரண்டு மூன்று குழந்தைகள் ஆனபிறகும் விடமாட்டார்கள். மாமனார் உயிரோடு இருக்கும்வரை அவர் முன்னால் ஒரு சொல்கூடப் பேசாமல் காலம் கழித்த பெண்களும் உண்டு. சில இடங்களில் பேச்சை அவிழ்த்துவிடுவதற்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் இருந்தது. மாமனாரோ மாமியாரோ மருமகளுக்கு ஒரு நகையோ துணியோ கொடுத்து, ‘இனிப் பேசு’ என்பார்கள். அவளிடம் எப்போதும் இருந்த குரலை அவளுக்கே பரிசாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இது ஆர்மீனியர்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. அனத்தோலியாவின் துருக்கியக் கிராமங்களிலும் புது மருமகள் பேசக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. அங்கே இதற்கு கெலின்லிக் என்று பெயர். காகசஸில் அண்டை மக்கள் பலரிடமும் இதன் சாயல் இருந்தது. ஒருவர் கிறித்தவர், ஒருவர் முஸ்லிம், ஆனாலும் வழக்கம் ஒன்றுதான். ஆகவே இதற்கான காரணத்தை மதத்தில் தேடாதீர்கள். வீட்டில் தேடுங்கள்.

எப்படிப்பட்ட வீடு? கெர்தஸ்தான் என்பார்கள். தாத்தா, பாட்டி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று இருபது பேர், முப்பது பேர் ஒரே கூரையின்கீழ். நிலம் ஒன்று. மந்தை ஒன்று. தானியக் குதிர் ஒன்று. குடும்பத் தலைவர் ஒருவர். மகன்கள் எல்லோரும் அங்கேயே பிறந்தவர்கள். வெளியிலிருந்து வருபவள் மருமகள் ஒருத்திதான். அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகும்? ‘உங்கள் அண்ணன் வீட்டுப் பங்கு ஏன் அதிகம்?’ என்று கேட்பாள். ‘நாம் தனியாகப் போகலாம்’ என்பாள். நிலம் பிரியும், மந்தை பிரியும், வீடு உடையும். அந்தப் பயம்தான் ஒரு சிறுமியின் வாய்மேல் வந்து உட்கார்ந்தது. யார் யார் முன்னால் குரல் எழுப்பலாம் என்பதில்தான் அந்த வீட்டின் ஏணி முழுவதும் இருந்தது. மருமகள் அதன் அடிப்படியில் நின்றாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு படி ஏறினாள். ஏறி முடித்தபோது அவளே மாமியார் ஆனாள், அடுத்த சிறுமியின் வாயை மூடினாள்.

மூடினாள் என்று உவமைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே துணி கட்டி மூடினார்கள். கீழை ஆர்மீனியாவில், சியூனிக், அர்த்சாக் பகுதிகளில், கல்யாணமான பெண்ணின் உடையில் வாயையும் மூக்கின் ஒரு பகுதியையும் மறைக்கும் ஒரு துணி இருந்தது. யஷ்மாக் என்பார்கள். அருங்காட்சியகங்களில் அந்த உடையைப் பார்க்கிறவர்கள் வெள்ளி நகையையும் பூவேலையையும் பார்த்து வியக்கிறார்கள். வியக்கத்தான் வேண்டும், அவ்வளவு அழகான கைவேலை. ஆனால் அந்தத் துணி எந்த இடத்தை மூடுகிறது என்றும் பாருங்கள்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். காது கேளாதோரின் சைகை மொழிகளில் முகமும் பெரிய வேலை செய்யும். புருவத்தை உயர்த்தினால் கேள்வி. உதட்டைக் குவித்தால் ஓர் அர்த்தம், கன்னத்தை உப்பினால் ஓர் அர்த்தம். ஆர்மீனிய மருமகளுக்கோ முகத்தின் கீழ்ப்பாதி துணிக்குள் போய்விட்டது. மேல்பாதியில் கண் இருக்கிறது, ஆனால் பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்தியிருக்க வேண்டும் என்பது மரியாதை. மிச்சம் இருப்பது என்ன? கை ஒன்றுதான். அத்தனை பாரத்தையும் கைதான் சுமந்தது.

அந்தக் கைக்கு வேறு வேலை இல்லையா? வாருங்கள், அந்த வீட்டுக்குள் போவோம். பாதி மண்ணுக்குள் இறக்கிக் கட்டிய வீடு. சுவர்களில் சன்னல் இல்லை. மரக்கட்டைகளைப் படிப்படியாக உள்நோக்கி அடுக்கிக் கூம்பாக எழுப்பிய கூரை. உச்சியில் எர்திக் என்ற திறப்பு. வெளிச்சம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும், புகையும் அதன் வழியாகத்தான் வெளியே போகும். கீழே தரையில் புதைத்த தோனிர் என்னும் மண் அடுப்பு. அதைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து லவாஷ் சுடுகிறார்கள். லவாஷ் என்பது அகன்ற, மெல்லிய ரொட்டி. ஆர்மீனியாவில் லவாஷ் செய்யும் முறையை 2014இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒருத்தி மாவை உருட்டித் தேய்க்கிறாள். அடுத்தவள் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு வீசி வீசி விரிக்கிறாள். விரித்ததை ஒரு திண்டின்மேல் இழுத்துப் போட்டு, நெருப்பு கனலும் அடுப்பின் உட்சுவரில் அறைந்து ஒட்டுகிறாள். இன்னொருத்தி கொக்கிக் கம்பியால் வெந்த ரொட்டியை இழுத்து எடுக்கிறாள். அரை நிமிடம் தாமதித்தால் கருகிவிடும்.

இப்போது சொல்லுங்கள். இரண்டு கையிலும் மாவு. கண் அடுப்பில். மாமியார் எதையோ கேட்கிறாள். அந்த வீட்டில் பேச்சுரிமை உள்ளவள் வேலையை நிறுத்தாமலே பதில் சொல்லிவிடலாம். மருமகள் என்ன செய்வாள்? மாவை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கேட்டவள் கண்ணில் படும்படி திரும்பி, பதிலைக் காட்டிவிட்டு, மறுபடி மாவை எடுக்க வேண்டும். மாமனார் சாப்பிட உட்காருமுன் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. ஒரு கையில் கூஜா, மறு கையில் துவாலை. சில வீடுகளில் இரவில் அவர் காலைக் கழுவிவிடுவதும் அவள் வேலை. அந்த நேரத்தில் அவளுக்கு வாயும் இல்லை, கையும் இல்லை.

நாம் சமைத்துக்கொண்டே பேசுகிறோம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டே பேசுகிறோம். இருட்டிலும் பேசுகிறோம், அடுத்த அறையிலிருந்தும் பேசுகிறோம். கைமொழிக்கு வெளிச்சம் வேண்டும், எதிரே ஒரு ஜோடிக் கண் வேண்டும், வெறுங்கை வேண்டும். பனிக்காலம் நீண்டுகிடக்கும் அந்த மலைநாட்டில், எர்திக்கின் வழியாக இறங்கும் கொஞ்ச வெளிச்சத்தில், மூச்சுவிட நேரமில்லாத வேலைகளுக்கு நடுவில், அந்தப் பெண்கள் பேசினார்களே! பேசாமல் விட்டுவிடவில்லையே!

சிலர் இதை ரகசிய மொழி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சீனாவின் ஹூனான் மாநிலத்தில் ஜியாங்யோங் பகுதியில் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த நூஷு என்ற எழுத்து உண்டு. ஆண்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. தோழிகள் விசிறியிலும் துணியிலும் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அது பெண்கள் தாங்களே கட்டிக்கொண்ட அறை. ஹார்ஸ்னெரென் அப்படி இல்லை. மாமனாருக்கே கையால்தான் பதில் சொல்ல வேண்டும் என்னும்போது மாமனாருக்கு அது புரியாமல் இருந்தால் எப்படி? வீட்டிலுள்ள எல்லோரும் புரிந்துகொண்ட மொழி அது. புரிந்துகொண்டவர்கள் பலர், பேச வேண்டியிருந்தவர்கள் சிலர். இடையில் குழந்தைகள் வேறு. ‘பாட்டியிடம் போய்ச் சொல்’ என்று ஒரு பிள்ளையின் காதில் ஓதி அனுப்பும் வழியும் இருந்தது. மருமகளின் முதல் குரல் பல வீடுகளில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் வாயிலிருந்துதான் வந்தது.

சரி, இதை மொழி என்று சொல்லலாமா? வெறும் சைகை, வெறும் கை ஜாடை என்று ஒதுக்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஐரோப்பாவிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பிரான்சில் குளூனி என்ற மடம். அங்கே துறவிகள் மௌன விரதம் காத்தார்கள். மௌனத்தில் இருந்துகொண்டே ரொட்டியும் மீனும் புத்தகமும் கேட்பதற்குக் கைச் சைகைகள் வைத்திருந்தார்கள். 11ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சைகைகளைப் பட்டியல் போட்டு எழுதிவைத்துவிட்டார்கள். இந்த உணவுக்கு விரலை இப்படி வை, இந்த நூலுக்குக் கையை இப்படித் திருப்பு என்று விளக்கம் எழுதினார்கள். இன்றைக்கும் அறிஞர்கள் அதை மரியாதையோடு ஆராய்கிறார்கள்.

துறவியும் மௌனம், மருமகளும் மௌனம். துறவியும் கையால் பேசினார், மருமகளும் கையால் பேசினாள். துறவியின் கைமொழி 11ஆம் நூற்றாண்டில் ஏடேறியது. மருமகளின் கைமொழி எப்போது ஏடேறியது? 1936இல்! துறவி மௌனத்தைத் தானே தேர்ந்தெடுத்தார், அவர் கையில் பேனா இருந்தது. மருமகள்மேல் மௌனம் சுமத்தப்பட்டது, பேனாவை யாரும் அவளிடம் நீட்டவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த மொழியைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? மருமகளைக் கேட்க வேண்டும். வெளியூரிலிருந்து ஓர் ஆண் வருகிறார், நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்காருகிறார். அவர் முன்னால் அவள் பேசலாமா? பேசக் கூடாது! அவள் மொழியைப் பற்றி அவளிடமே கேட்க முடியாதபடி அந்த விதியே கதவைச் சாத்திவிட்டது. ஹாக்ஸ்தௌசன் கேட்டது அபோவியனிடம். அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்கள் கேட்டது வீட்டுத் தலைவர்களிடம், பாதிரியார்களிடம், வழிகாட்டிகளிடம். ஒரு மௌனத்தைப் பற்றி நெடுங்காலம் நமக்குக் கிடைத்த சாட்சியம் முழுவதும் மௌனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்களின் சாட்சியமாகப் போய்விட்டது. இந்த உரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அந்தப் பெண்களுக்கு வீட்டுக்குள் விதித்த மௌனம், வீட்டுக்கு வெளியே வரலாற்றிலும் அப்படியே தொடர்ந்தது.

1936க்கு வருவோம். கார்பெலாஷ்விலி என்ற ஆய்வாளர் ‘காகசஸில் கைப்பேச்சு’ என்ற பொருளில் ரஷ்ய மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியில் அச்சானது. அவர் ஆராய்ந்த பகுதி பரானா மாவட்டம். இன்று அந்த ஊருக்கு நொயெம்பெரியன் என்று பெயர், ஆர்மீனியாவின் வடகிழக்கில், ஜார்ஜிய எல்லையோரம், தவூஷ் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே பெண்கள் கையால் பேசுவதை நேரில் பார்த்து அவர் பதிவு செய்தார்.

ஏன் அந்த ஆண்டுகளில் சோவியத் அறிஞர்களுக்குத் திடீரென்று கிராமத்துப் பெண்களின் கைமேல் அக்கறை வந்தது? அதற்கு நிக்கோலாய் மார் என்ற பெரிய மனிதர் காரணம். ஜார்ஜியாவில் பிறந்தவர். ஆர்மீனியர்களின் பழைய தலைநகரான ஆனியை அகழ்ந்து உலகத்துக்குக் காட்டியவர். அந்தப் பணிக்காக ஆர்மீனியர்கள் அவருக்கு என்றும் கடன்பட்டவர்கள். ஆனால் மொழியைப் பற்றி அவர் ஒரு கொள்கை வைத்திருந்தார். மனிதன் முதலில் கையால் பேசினான், குரல் மிகப் பிந்தி வந்தது என்றார். சோவியத் அரசு அந்தக் கொள்கையைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தக் கொள்கைக்குச் சான்று வேண்டுமே! ஆதி மனிதனின் கைப்பேச்சு இன்னும் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினார்கள். காகசஸ் மலைக் கிராமத்து மருமகள் கண்ணில் பட்டாள்.

நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்து தண்ணீர் சுமந்து, பால் கறந்து, முப்பது பேருக்கு ரொட்டி சுட்ட பெண். அவளும் ஆர்மீனிய மொழி பேசியவள், கணவனோடு இரவில் அதில்தான் பேசினாள், குழந்தையை அதில்தான் தாலாட்டினாள். அவளைப் போய் மொழியே பிறக்காத காலத்தின் எச்சம் என்றார்கள்! 1950இல் ஸ்டாலினே ‘பிராவ்தா’ பத்திரிகையில் மாரின் கொள்கையைக் கண்டித்து எழுதினார். ஒரே கோடையில் அந்தக் கொள்கை காணாமல் போனது. கொள்கைக்காகத் திரட்டிய குறிப்புகளையும் அதோடு சேர்த்து மறந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் கார்பெலாஷ்விலியின் நூலை எடுத்துப் புரட்டியவர்கள் மிகச் சிலரே.

மறுபடி இந்த விஷயம் உலக அறிஞர்களின் பேச்சில் வந்தது ஆஸ்திரேலியா வழியாக. அதையும் கேளுங்கள். மத்திய ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வார்ல்பிரி என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். கணவன் இறந்தால் மனைவி நெடுங்காலம் பேசக் கூடாது. இரண்டு ஆண்டுகள்வரைகூட நீளும். அந்தக் காலம் முழுவதும் கையால் பேசுவாள். ஆடம் கெண்டன் என்ற ஆய்வாளர் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1988இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார், அதில் ஆர்மீனிய மருமகள்களின் கைமொழியையும் பேசினார். கணவனை இழந்தவர்கள், உறவினரை இழந்தவர்கள் என்று பல மூதாட்டிகளோடு உட்கார்ந்து, காணொளியில் பதிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைக்குறிகளைத் தொகுத்தார். அவர் கண்டது என்ன? எதை வேண்டுமானாலும் அந்தக் கைமொழியில் சொல்ல முடியும். பேச்சுமொழியின் சொற்களை ஒட்டியே கைக்குறிகள் போகின்றன. மௌனக் காலம் முடிந்த பிறகும் வயதான பெண்கள் விரும்பிக் கையால் பேசுகிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம் இருக்கிறது.

ஓர் ஆய்வாளர் வந்து மரியாதையோடு உட்கார்ந்து கேட்டால் எவ்வளவு கிடைக்கிறது, பார்த்தீர்களா? ஆர்மீனியாவில் அப்படி யாராவது நூறு ஆண்டுக்கு முன்னால் கேட்டிருந்தால்! எத்தனை நூறு குறிகள் கிடைத்திருக்கும்! ஒரு மாவட்டத்துக் கை இன்னொரு மாவட்டத்துக் கைக்குப் புரிந்ததா, அடுத்த ஊரிலிருந்து வந்த மருமகள் இந்த வீட்டுக் குறிகளைக் கற்க எத்தனை நாள் ஆயிற்று, தாயிடமிருந்து கற்றாளா ஓரகத்தியிடமிருந்து கற்றாளா, கையால் கோபப்பட முடிந்ததா, கையால் சிரிக்க வைக்க முடிந்ததா! இத்தனையும் அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

இங்கே இரண்டு தரப்பாரிடமும் நான் வாதாட வேண்டியிருக்கிறது. ‘பழைய காலத்துப் பெண்கள் எவ்வளவு அடக்கம், குடும்பம் எவ்வளவு அமைதியாக இருந்தது’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு பக்கத்தின் வாயைக் கட்டிவிட்டு வாங்கிய அமைதி அது. அந்த அமைதிக்கு விலை கொடுத்தவள் 14 வயதுச் சிறுமி. அதேபோல, ‘ஆகா, எவ்வளவு அழகான மொழி, எவ்வளவு பெரிய எதிர்ப்பு’ என்று கொண்டாடுகிற இளைஞர்களுக்கும் சொல்கிறேன்: அது அழிந்தபோது அழுதவர்களைவிட நிம்மதிப் பெருமூச்சு விட்ட பெண்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள். அந்தக் கட்டாயம் திரும்பி வரவே கூடாது. அந்தக் கட்டாயத்துக்குள்ளிருந்து அவர்கள் உருவாக்கிய அறிவை மட்டும் நாம் தூக்கி எறியக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளும் பக்குவம் வேண்டும்.

அதே ஆர்மீனியர்களிடையே அதே காலத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கான்ஸ்டான்டினோபிளில் ஸ்ருபுகி துசாப் என்ற பெண்மணி 1883இல் ‘மாய்தா’ என்ற நாவலை எழுதினார். ஆர்மீனியப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல் அது. பெண்ணின் உரிமையைத்தான் பேசியது. 1918இல் பிறந்த ஆர்மீனியக் குடியரசு பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. 1919இல் 80 உறுப்பினர்கள் கொண்ட நாடாளுமன்றத்துக்கு மூன்று பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒரே மக்கள், ஒரே ஆண்டு. ஒரு பெண் நாடாளுமன்றத்தில் எழுந்து பேசுகிறாள். மலைக் கிராமத்தில் இன்னொரு பெண் தன் மாமியாரிடம் உப்பு கேட்கக் கையை உயர்த்துகிறாள்.

ஆனால் அதற்கு முன்பே, 1915இல், அந்தப் பேரழிவு வந்துவிட்டது. உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த மேலை ஆர்மீனியக் கிராமங்கள் இனப்படுகொலையில் அழிந்தன. கெர்தஸ்தான்கள் அழிந்தன. தோனிர் அணைந்தது. மருமகளும் இல்லை, மாமியாரும் இல்லை, விதித்த வீடும் இல்லை. தப்பியவர்கள் பெய்ரூட்டுக்கும் அலெப்போவுக்கும் மார்செய்க்கும் ஃப்ரெஸ்னோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். கீழை ஆர்மீனியாவில் 1920க்குப் பிறகு சோவியத் ஆட்சி. பள்ளிக்கூடம் வந்தது. பெண்களுக்கான அமைப்புகள் ஊர் ஊராகப் போய் யஷ்மாக்கை அவிழ்க்கச் சொல்லின. கூட்டுப்பண்ணை வந்தபின் நிலம் பிரிந்துவிடுமோ என்ற பழைய பயத்துக்கே இடமில்லாமல் போனது. மருமகளுக்குக் குரல் வந்தது. கை மெல்ல மெல்லத் தன் சொற்களை மறந்தது.

டெட்ராய்ட் என்றேன். அங்கே சூசி ஹூகாசியன் வில்லா என்ற ஆர்மீனிய வம்சாவளிப் பெண் இருந்தார். ஊர் ஊராகச் சிதறி வந்து சேர்ந்த முதியவர்களிடம் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்து 1966இல் நூறு கதைகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார். கதையோடு விடவில்லை. 1914க்கு முன்னால் உங்கள் கிராமத்தில் எப்படி வாழ்ந்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், என்ன சமைத்தீர்கள், யாரிடம் பேசினீர்கள், யாரிடம் பேசவில்லை என்று கேட்டார். மேரி கில்போர்ன் மட்டோசியன் என்ற வரலாற்றாசிரியரோடு சேர்ந்து அவர் தந்த ‘1914க்கு முந்தைய ஆர்மீனியக் கிராம வாழ்க்கை’ என்ற நூல் 1982இல் வெளிவந்தது. மருமகளின் மௌனத்தை, அதை அனுபவித்தவர்களின் வாயிலிருந்தே கேட்டுப் பதிந்த நூல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. கேட்டவரும் ஒரு பெண். சொன்னவர்களில் பலர் பெண்கள். இடையில் மாமனார் இல்லை, வழிகாட்டி இல்லை. அமெரிக்காவின் கார் தொழிற்சாலை நகரத்தில், எழுபது எண்பது வயதில், அந்தப் பெண்கள் பேசினார்கள்.

அவர்கள் பேசியது மௌனத்தைப் பற்றி. கைக்குறிகளை எழுத்தில் எப்படிப் பிடிப்பது? அதற்குப் படம் வேண்டும், காணொளி வேண்டும், அந்தக் கை உயிரோடு எதிரே இருக்க வேண்டும். இன்று ஆர்மீனிய இளம்பெண்கள் சிலர் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். பாட்டிமாரைத் தேடிப் போகிறார்கள். நேரடியாகப் பேசியவர்கள் அநேகமாக இல்லை. பேசியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ‘என் பாட்டி தாத்தாவிடம் இப்படிக் காட்டுவாள்’ என்று ஒரு கை உயர்ந்தால், அந்த ஒரு குறிக்காக நூறு மைல் போகலாம் என்று நான் சொல்வேன்.

அப்படித் தேடிப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அந்த மூதாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து, ‘தண்ணீருக்கு என்ன குறி, ரொட்டிக்கு என்ன குறி’ என்று பட்டியல் போட்டுக் கேட்காதீர்கள். அடுப்பை மூட்டுங்கள். மாவைப் பிசைந்து கொடுங்கள். பேத்திகளைச் சுற்றி உட்காரவையுங்கள். கேமராவை ஒரு மூலையில் வைத்துவிட்டு நீங்களும் மாவில் கை வையுங்கள். வீட்டில் உள்ள ஆண்களைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். பிறகு ‘உங்கள் அம்மா மாமியாரிடம் உப்பு எப்படிக் கேட்பார்கள்?’ என்று கேளுங்கள்.